மஸ்னவியில் ‘நான்’ கரையும் இடத்தைப் படிப்பது எப்படி

பாரசீக சூஃபிக் கவிதையில் ஆனந்தத்தைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் ‘மன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘நான்’ என்று பொருள். அது விலகிய இடத்தில்தான் ஆனந்தம் நுழையும்.

பழகுவதற்கு ஏற்றது, ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) மஸ்னவி என்ற நெடுங்கவிதையின் முதல் நூலில் வரும் கதவு தட்டும் கதை. ஏறத்தாழ 25,000 ஈரடிகள் கொண்ட கடலில் இது சில ஈரடிகள்தான். ஒரே அமர்வில் முடிக்கலாம்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். அடிக்கு 11 அசை. 2, 6, 10 ஆவது குறுகியவை, மற்றவை நீண்டவை. “குஃப்த் மன், குஃப்தஷ் பொரவ், ஹெங்காம் நீஸ்த்” (‘நான்’ என்றார்; ‘போ, இது நேரமல்ல’ என்றது) என்ற அடியில் பலர் இடறுவது முதல் சொல்லிலேயே. ‘குஃப்’ நீண்ட அசை. பின்னால் வரும் ‘த்’ தனியாக ஒரு குறுகிய அசை. அதை விழுங்கினால் அடி நொண்டும். ஒற்றடுத்த குறில் இங்கே நீண்டதாகவே எண்ணப்படும்.

அடுத்து, ஒவ்வொரு ‘மன்’னையும் அடிக்கோடிட்டு, யார் வாயில் வருகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். உள்ளிருக்கும் தோழமை “யார்?” என்கிறது. வந்தவர் “நான்” என்கிறார். உள்ளிருந்து பதில்: “போ, இந்தப் பந்தியில் காம் ஆனவருக்கு இடமில்லை.” ‘காம்’ என்றால் வேகாத பச்சை, ‘பக்குவமற்றவர்’ என்று மொழிபெயர்த்தால் அடுப்பு அணைந்துவிடும். ஏனெனில் அவர் ஓராண்டு பிரிவில் வெந்துதான் திரும்புகிறார். இம்முறை “யார்?” என்றதற்கு அவர் பதில்: “வாசலில் நிற்பதும் நீதான்.” உடனே உள்ளிருந்து அழைப்பு: “நீ நானாகிவிட்டாய், நானே, உள்ளே வா, இரண்டு ‘நான்’ இருக்க வீட்டில் இடமில்லை.” எண்ணிப் பாருங்கள்: அந்த ஒரே ஈரடியில் மூன்று ‘மன்’, மூன்றும் உள்ளிருப்பவர் வாயில். ‘நான்’ அழியவில்லை, வாய் மாறியிருக்கிறது. எனக்கு இதுவே கதையின் உயிர்.

அதனால்தான் ‘நஃப்ஸ்’, ‘மன்’ இரண்டையும் ‘அகந்தை’ என்று எழுதக் கூடாது. நஃப்ஸ் என்பது இழுத்துச் செல்லும் கீழ்மனம். ‘மன்’னுக்கு ‘அகந்தை’ என்று போட்டால் உள்ளிருந்து வரும் அழைப்பு பொருளற்றுப் போகும்.

தொடர்ந்து ஊசி வருகிறது: இரு நுனி கொண்ட நூல் காதில் ஏறாது. பிரிந்த நுனியை நனைத்து முறுக்கிக் கோர்க்கும் கைக்கு இது விளக்கமின்றியே புரியும்.

பாரசீகச் சுட்டுப்பெயருக்கு ஆண், பெண் பால் இல்லை. தமிழில் ‘அவன்’ அல்லது ‘அவள்’ போட்டவுடன் பாதி வாசல் மூடிவிடுகிறது. ‘தோழமை’ என்பதையே திரும்ப எழுதுங்கள்.

பிறகு ஐந்தாம் நூலின் விருந்தினர் இல்லப் பகுதிக்குப் போங்கள். அங்கே துயரம் வீட்டைப் பெருக்கித் தள்ளுகிறது, புதிய மகிழ்ச்சி வருவதற்காக. பெருக்கும் அடியை விட்டுவிட்டு மகிழ்ச்சியை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.