மூன்று மாதம், ஐந்து நாடு, ஒரே பை: தென்கிழக்கு ஆசியப் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி

முதல் முறையாக நீண்ட பயணம் கிளம்புகிற நண்பர்கள் பெரும்பாலும் பேச்சை ஆரம்பிப்பது பையில்தான். நாற்பது லிட்டரா ஐம்பது லிட்டரா, எந்தக் கம்பெனி, சக்கரம் வைத்ததா வைக்காததா என்று. பையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நாட்காட்டியை எடுத்து வையுங்கள். எந்த மாதம் எந்த ஊரில் இருக்கப்போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டால் விசா, செலவு, துணிமணி எல்லாம் தானாக அதன் பின்னால் வந்துவிடும். நான் இதை நேர்மாறாகச் செய்து மாட்டிக்கொண்டவன். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு மார்ச் மாதம் வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போய் இறங்கினேன். பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் வயலையும் காட்டையும் எரிக்கிற காலம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஊரை ஒட்டியே நிற்கிற தோய் சுதேப் மலை ஐந்து நாளும் கண்ணில் படவில்லை, தொண்டைக் கரகரப்போடு திரும்பி வந்தேன்.

இந்தப் பதிவில் உதாரணமாக எடுத்துக்கொள்வது தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா. மொத்தம் மூன்று மாதம், கையில் இந்திய பாஸ்போர்ட்.

படி 1: மழையைக் குறியுங்கள்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொரு பகுதிக்கும் மழை மாதங்களை அடித்துவிடுங்கள். தாய்லாந்தின் பெரும்பகுதி, லாவோஸ், கம்போடியா, வியட்நாமின் வடக்கும் தெற்கும் மே முதல் அக்டோபர் வரை நனையும். சரி, அப்படியானால் நவம்பரில் கிளம்பினால் எங்கும் வெயில்தானே என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சென்னையில் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அந்தப் பக்கமும் வேலை பார்க்கிறது. கிழக்குப் பார்த்த கடற்கரைகள் எல்லாம் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்: வியட்நாமின் நடுப்பகுதியில் ஹுயே, ஹோய் ஆன், தாய்லாந்து வளைகுடாவில் கோ சமுய், மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகள். பெர்ஹெந்தியானில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளை மூடியே விடுவார்கள். அதே சமயம் தாய்லாந்தின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலோரத்துக் கிராபியில் வானம் பளிச்சென்று இருக்கும்.

பாலித் தீவைப் பட்டியலில் சேர்க்காததற்கும் காரணம் மழைதான். அங்கே ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை உலர்ந்த காலம், நாம் போகிற மாதங்களில் மழை. அதைத் தனியாக ஒரு ஜூன் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாதையைப் போடுங்கள், பிறகு பாதியை வெட்டுங்கள்

மேலே உள்ளதை வைத்துப் பார்த்தால் டிசம்பர் முதல் வாரம் கிளம்பி மார்ச் தொடக்கத்தில் திரும்புவது நல்லது. சென்னையில் இருந்து பாங்காக் நேரடி விமானத்தில் மூன்றரை மணி நேரம். நாலைந்து நாள் அங்கே இருந்துவிட்டு இரவு ரயிலில் சியாங் மாய். டிசம்பரில் புகை கிடையாது, காலையில் குளிரும். அங்கிருந்து சியாங் ராய் வழியாக எல்லையில் உள்ள சியாங் கோங், பாலத்தைத் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கே மேகாங் ஆற்றில் படகு ஏறினால் லுவாங் பிரபாங் போய்ச்சேர இரண்டு நாள், நடுவில் பாக் பெங் என்ற சின்ன ஊரில் இரவு தங்கல். வேகப் படகும் உண்டு, ஆனால் காது அடைக்கும், ஆபத்தும் அதிகம், எனக்கு அதில் இஷ்டமில்லை. மெதுவான படகில் புத்தகமும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மொத்தப் பயணத்தில் நினைவில் நிற்கப்போகிற இரண்டு நாள் அவைதான் என்று தைரியமாகச் சொல்வேன்.

லாவோஸுக்குள் நகர்வது இப்போது சுலபம். 2021 டிசம்பரில் சீன எல்லையில் இருந்து தலைநகர் வியந்தியான் வரை ரயில் வந்துவிட்டது. முன்பு மலைப்பாதையில் நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்கிய லுவாங் பிரபாங் - வியந்தியான் தூரம் இப்போது இரண்டு மணி நேரம்தான். அங்கிருந்து ஹனோய்க்குப் பேருந்து இருக்கிறது, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க. முதல் பயணம் என்றால் விமானத்தில் போய்விடுங்கள், முதுகு வாழ்த்தும்.

வியட்நாமை வடக்கில் இருந்து தெற்காக இறங்குங்கள். ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் ரயில் பாதையிலேயே 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாமல் ஹுயே, ஹோய் ஆன் பக்கம் இறங்கி இறங்கிப் போகலாம், ஜனவரி கடைசிக்குள் நடுப்பகுதியில் மழையும் அடங்கியிருக்கும். ஜனவரியில் வடக்கு மலைகளில் நல்ல குளிர் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், வெப்பமண்டலம் என்று நம்பி அரைக்கை சட்டையோடு போய் நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தெத் என்கிற வியட்நாமியப் புத்தாண்டு. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். நம் பொங்கல் சமயத்துக் கோயம்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ரயிலில் இடம் இருக்காது, பல கடைகள் நாலைந்து நாள் திறக்காது. தேதி பார்த்து அந்த வாரம் முழுக்க ஒரே ஊரில் உட்கார்ந்துவிடுங்கள்.

அப்புறம் கம்போடியா. பழைய பதிவுகளில் எல்லாம் அங்கோர் கோயில்களைப் பார்த்துவிட்டுச் சாலை வழியாகப் பாங்காக் திரும்பச் சொல்லியிருப்பார்கள். 2025 நடுவில் இரு நாட்டுக்கும் சண்டை மூண்டு தரைவழி எல்லையை மூடிவிட்டார்கள், அதனால் அந்தப் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஹோ சி மின் நகரத்தில் இருந்து பேருந்தில் கம்போடியத் தலைநகர் நோம் பென், பிறகு அங்கோர் இருக்கிற சியம் ரீப், அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம். கடைசி வாரம் பினாங்கில். இரண்டு மாதத்துக்கு மேல் மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) மணத்தோடு சாப்பிட்ட பிறகு ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்க் கடையில் உட்கார்ந்து தோசையைப் பிய்க்கும்போது கிடைக்கிற சுகத்தை இங்கே விளக்க முடியாது. திரும்புவதற்குக் கோலாலம்பூர் - திருச்சி நேரடி விமானங்கள் இருக்கின்றன. போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் ஒரே ஊருக்கு இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்து ஊர்களை எண்ணுங்கள். தொண்ணூறு நாளுக்கு முப்பது ஊர் இருந்தால் பதினைந்தை அடியுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போச்சு, அதோடு வாரத்துக்கு ஒரு நாள் துணி துவைக்க, தூங்க, ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

படி 3: விசா

முதலில் பாஸ்போர்ட்: பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும், குறைந்தது ஆறேழு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும்.

தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தது, பிறகு அதைக் குறைக்கும் பேச்சும் எழுந்தது. 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், இலவசம். மலேசியாவுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்கிற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அங்கேயும் இதே மாதிரி ஓர் இணைய அட்டை. லாவோஸிலும் கம்போடியாவிலும் போய் இறங்கி டாலர் கொடுத்து விசா வாங்கலாம், கம்போடியாவில் 30 டாலர், லாவோஸில் அதைவிடக் கொஞ்சம் கூட. வியட்நாமுக்கு மட்டும் முன்கூட்டியே மின்விசா எடுத்தே ஆக வேண்டும்: 90 நாள் வரை, ஒரு முறை நுழைய 25 டாலர். நுழையும் தேதியையும் வாசலையும் அதில் குறிப்பிட வேண்டும், எல்லா எல்லை வாசலிலும் அது செல்லாது. அரசுத் தளம் மாதிரியே தோற்றமளித்து இரண்டு மூன்று மடங்கு காசு வாங்குகிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரியைப் பார்த்து நுழையுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு தடவை அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் சரிபாருங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது, பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அதில் போய் உட்கார்ந்திருக்கும். விசாப் படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் இனிஷியலை உங்கள் இஷ்டத்துக்குச் சுருக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்துக்குக் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், அதில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறியதால் விமான நிலையக் கவுன்டரிலேயே நிறுத்தப்பட்ட ஒருவருக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றிருக்கிறேன்.

நாள் எண்ணும்போது இறங்கிய நாளே முதல் நாள். தாய்லாந்தில் அதிகமாகத் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம்.

படி 4: காசு

என் நோட்டுக் கணக்குப்படி, ஹாஸ்டல் படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, பேருந்து, ரயில் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 2,500-இல் இருந்து 3,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டு விமானம், விசா, காப்பீட்டைத் தனியாகப் போடுங்கள். பெரிய செலவுகளை முன்பே எழுதி வைப்பது நல்லது. உதாரணமாக அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டை எடுங்கள், ஒரு நாளில் பார்த்து முடிக்கிற இடமில்லை அது.

அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத டெபிட் கார்டு இரண்டு, வெவ்வேறு வங்கியில், வெவ்வேறு பையில். ஏடிஎம் இயந்திரம் 'இந்திய ரூபாயில் கழிக்கட்டுமா' என்று அன்பாகக் கேட்கும், வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. தாய்லாந்தில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் என்பதால் மொத்தமாக எடுங்கள். டாலர் நோட்டு புதிதாக, கிழிசல் மடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும், கம்போடியாவில் ஓரம் கிழிந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வியட்நாமில் 20,000 தோங் நோட்டும் 5,00,000 தோங் நோட்டும் இரண்டும் நீலம். இருட்டில் காப்பிக்குப் பெரியதைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன், அந்த அம்மா தெருமுனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். எல்லா இடத்திலும் இப்படி நடக்காது, பெரிய நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

படி 5: உடம்பு, காப்பீடு, பைக்

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஒரு மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை, டெட்டனஸ், முன்கூட்டிப் போடுகிற வெறிநாய்க்கடி ஊசி, இந்த நான்கையும் பற்றிக் கேளுங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், கொசு மருந்தைக் காலையிலேயே தடவுங்கள்.

காப்பீடு எடுப்பவர்கள் பார்க்கத் தவறுவது பைக் பற்றிய நிபந்தனையை. இந்தியாவில் தருகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையைச் சேர்ந்தது. தாய்லாந்தில் அது செல்லும், அதில் இருசக்கர வாகனப் பிரிவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கை உரிமத்தை. அதாவது ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக்கை நீங்களே ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். அங்கே உள்ளூர்க்காரர் ஓட்ட நாம் பின்னால் உட்கார்ந்து போகிற ஏற்பாடு உண்டு. நான் அப்படித்தான் போனேன், பள்ளத்தாக்கைப் பார்க்கக் கண்ணும் மிச்சமாக இருந்தது.

லாவோஸில் இரண்டு எச்சரிக்கை. 2024 நவம்பரில் வாங் வியங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், யாரும் இலவசமாக ஊற்றித் தருவதைத் தொடாதீர்கள். 1964-இல் இருந்து 1973 வரை அமெரிக்கா அங்கே வீசிய குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணில் கிடக்கின்றன, நாட்டுப்புறத்தில் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: தாய்லாந்தில் 'ஜே', வியட்நாமில் 'சாய்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாறு கட்டாயம் விழும். வியட்நாமில் பௌத்தர்கள் பலரும் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், கிட்டத்தட்ட நம் அமாவாசை, பௌர்ணமிதான், சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்குச் 'சாய்' கடைகளில் கூட்டமும் இருக்கும், வகையும் இருக்கும்.

படி 6: பை, போன், ஒத்திகை

இப்போது பை. நாற்பது லிட்டர் போதும், ஏனென்றால் மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான், பையின் எடையும் அதற்குள் அடக்கம். நாலு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. விலை உயர்ந்த பயணத் துண்டெல்லாம் வேண்டாம், நம் ஈரிழைத் துண்டு அரை மணியில் காயும். ஒரு கைலி கட்டாயம். ஹாஸ்டலில் கீழ்ப்படுக்கைக்குத் திரை, இரவுப் பேருந்தில் போர்வை, கடற்கரையில் விரிப்பு, எல்லாம் அதுவேதான். பவர் பேங்க்கைக் கையில் வைத்திருக்கும் பையில்தான் போட வேண்டும். நம் இரண்டு முள் உருண்டை பிளக் முதல் நாலு நாட்டிலும் பெரும்பாலும் பொருந்தும், மலேசியாவில் மட்டும் தட்டையான மூன்று முள்.

வங்கி ஓடிபி வர இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் ரோமிங்கை இயக்கி, அந்தந்த நாட்டு இணையத்துக்கு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் ஒத்திகை. அதே பையை அப்படியே கட்டிக்கொண்டு, பேருந்தில் கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ மூன்று நாள் போய் வாருங்கள். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டி, தொடாத பொருளை எல்லாம் எடுத்துத் தனியாக வையுங்கள். நான் செய்தபோது ஒரு ஜீன்ஸ், இரண்டாவது ஜோடி ஷூ, தடிமனான பயணக் கையேடு, அம்மா திணித்த ஒரு கிலோ பருப்புப்பொடி வெளியே வந்தன. பருப்புப்பொடியில் கால் கிலோவை மட்டும் திரும்ப உள்ளே வைத்தேன்.