டெல்டாவுல ஹைபிரிட் கார்: புதுசா, அடிபட்டதா, இல்ல வேணவே வேணாமா?

மாசி பொறந்தா நம்ம பக்கம் ரெண்டு பேச்சுதான் ஓடும், கொள்முதல் நிலையத்துலேந்து பணம் ஏறிடுச்சா, ஏறிடுச்சுன்னா என்ன வண்டி எடுக்கலாம். இப்ப அதுல பெட்ரோல் இஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேந்து ஓடற ஹைபிரிட்டும் சேந்துகிச்சு. லிட்டருக்கு 28 கிலோமீட்டர் குடுக்குதாமேன்னு ஆரம்பிக்கறாங்க, வருஷத்துக்கு எவ்ளோ ஓட்டுவோம், வீட்டு வாசல்ல மழைக்கு எவ்ளோ தண்ணி நிக்கும்னு யாரும் யோசிக்கறதில்ல. டெல்டாக்காரனுக்கு அந்த ரெண்டும்தான் முக்கியம்.

முதல்ல ஒன்ன தெளிவாக்கிக்குங்க, பின்னாடி ஹைபிரிட்னு எழுதியிருக்கறதெல்லாம் ஹைபிரிட் இல்ல. 2015-ல மாருதில சியாஸ் எஸ்ஹெச்விஎஸ்னு ஒரு கார் வந்துச்சுல்ல, அது மாதிரி மைல்டு ஹைபிரிட்ல சின்ன பேட்டரி இஞ்சினுக்கு கொஞ்சம் கை குடுக்கும், சிக்னல்ல இஞ்சினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும், அவ்ளோதான். பேட்டரில மட்டும் வண்டி நகராது. நகர்றது ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது 2022-ல வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், சிட்டி, இன்னோவா ஹைகிராஸ் வகையறா. புரோக்கர் ரெண்டையும் ஒரே பேர்லதான் சொல்லுவாரு, விலையும் அப்படித்தான் கேப்பாரு.

இப்ப கணக்குக்கு வருவோம். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு பேப்பர்ல 27.97, ரோட்டுல 22 வச்சுக்குங்க, அதே சைஸ் சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 14 குடுக்குதுன்னு வைங்க. 100 கிலோமீட்டருக்கு ஒன்னு 7 லிட்டர் சொச்சம் குடிக்கும், இன்னொன்னு நாலரை, அப்ப மிச்சம் 2.6 லிட்டர், பெட்ரோல் 100 ரூபான்னா 260 ரூபா. ஹைபிரிட்டுக்கு கூடுதலா ரெண்டரை லட்சம் போட்டிருந்தீங்கன்னா அது திரும்பி வர 96,000 கிலோமீட்டர் ஓடணும். மாசம் 3,000 ஓட்டற ஆளுக்கு மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்சுரும். மாசம் 1,000 ஓட்டறவருக்கு எட்டு வருஷம், பேட்டரி வாரண்டியும் அதே 8 வருஷம் இல்லாட்டி 1,60,000 கிலோமீட்டர்தான், அதாவது போட்ட காசு கைக்கு வர்ற அன்னிக்கு வாரண்டி வண்டிய விட்டு இறங்கிடும். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரின்னு எப்பயாச்சும் எடுக்கறவங்க சாதா பெட்ரோலே வாங்குங்க, மிச்சத்த நகையாவோ நிலமாவோ போடுங்க, நான் ஒன்னும் சொல்லமாட்டேன்.

எந்த ரோட்டுல ஓடும்ங்கறதையும் பாருங்க. கும்பகோணம் டவுனுக்குள்ள, மாயவரம் மணிக்கூண்டு பக்கம், கேட் போட்டு நிக்கற எடம், இங்கெல்லாம் ஹைபிரிட் இஞ்சினை அணைச்சுட்டு பேட்டரில ஊரும், காசு மிச்சமாகறது அங்கதான். தஞ்சாவூர் திருச்சி நாலு வழிச்சாலைல 100-ல அழுத்தி போறவருக்கு வித்தியாசம் ரொம்ப கொறைஞ்சுரும். மலை இறக்கத்துல பேட்டரில தானா சார்ஜ் ஏறும்பாங்க, நம்ம ஊர்ல இறக்கத்துக்கு எங்க போறது, ஆத்துப் பாலம் இறங்கினா சரி. பிரேக் புடிச்சு ஏறறதுதான் நமக்கு.

புதுசுன்னா வரி தெரிஞ்சுகிட்டு போங்க. 2025 செப்டம்பர் 22-லேந்து 4 மீட்டரத் தாண்டின இந்த வண்டிங்களுக்கு ஜிஎஸ்டி 40%, முன்னாடி செஸ்ஸோட சேத்து 43 இருந்துச்சு. எலக்ட்ரிக்குக்கு 5 தான், ஹைபிரிட்டுக்கு அந்த சலுகை கிடையாது. தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%, அதனால 20 லட்சத்த ஒட்டி நிக்கற வேரியன்ட்னா அந்தக் கோட்ட தாண்டாம பாத்து எடுங்க. மார்கழில பேரம் பேசுங்க, அப்ப ஷோரூம் காத்தாடும், வருஷக் கடைசி ஸ்டாக்க தள்ளணும்னு அவங்களுக்கும் அவசரம், டெலிவரிய தைக்கு வச்சுக்கலாம். ஆனா ஜனவரில ரிஜிஸ்டர் பண்ணினாலும் ஆர்சில தயாரிச்ச மாசமும் வருஷமும் இருக்கும், விக்கும்போது அதையும் பாத்துதான் விலை கேப்பாங்க, தள்ளுபடி அதுக்கு ஈடாகுதான்னு பாருங்க. பழைய வண்டின்னா தை மாசில போகாதீங்க, எல்லார் கைலயும் காசு இருக்கும், விலை இறங்காது.

அடுத்தது டோட்டல் லாஸ் வண்டி, மலிவா வருதேன்னு எல்லாரும் வாய பொளக்கறது இதுக்குத்தான். ரிப்பேர் செலவு ஐடிவில, அதாவது பாலிசில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்புல, 75%-ஐத் தாண்டினா இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு எழுதி காசு குடுத்துட்டு, அந்த வண்டி ஏலத்துக்குப் போயிரும். இதுல ஹைபிரிட்டுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. நாலு வருஷம் தாண்டினா ஐடிவி பாதியாயிரும், பேட்டரி விலையோ லட்சத்துல பேசறது, அப்ப ஒரு கோடு கூட விழாத வண்டில பேட்டரிக்குள்ள தண்ணி பூந்தாலே கணக்கு எகிறி டோட்டல் லாஸ் ஆயிரும். ஏலத்துல எடுத்தவரு காய வச்சு, சீட்ட கழுவி, சென்ட் அடிச்சு கொண்டாந்து நிறுத்தினா புதுசு மாதிரி இருக்கும். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல எத்தன கார் முங்குச்சுன்னு எல்லாரும் டிவில பாத்தோம், முங்குன வண்டிய அந்த ஊர்லயே விக்க எவனுக்கும் தைரியம் வராது, அதனால வெளியூர் நம்பர்னா கூடுதலாவே நோண்டுங்க.

எப்படி நோண்டறதுன்னா, டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, சுருளுக்குள்ள இருந்த துணில பழுப்பா மண் கோடு தெரிஞ்சா அதோட கிளம்பிருங்க. சீட் ரெயில் போல்ட்ல துரு, டிக்கி பலகைக்கு அடில வண்டல், ஃபியூஸ் பாக்ஸ் முனைல பச்சை பூத்திருக்கறது இதெல்லாம் ஒரே கதைய சொல்லும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்து வண்டின்னா உப்புக்காத்துலயும் அடில துரு வரும், ஆனா அது சீட்டுக்கடி வரைக்கும் ஏறாது. அப்பறம் ஓட்டிப் பாருங்க, பேட்டரி கட்டம் மளமளன்னு ஏறி மளமளன்னு இறங்கினா பேட்டரி களைச்சுப்போச்சுன்னு அர்த்தம். காத்துல குளிர்ற பேட்டரின்னா சீட்டோரமா ஒரு ஜன்னல் மாதிரி வலை இருக்கும், அறுவடை சீசன்ல நெல் காயப்போட்ட ரோட்டுல ஓடின வண்டில அந்த வலை பூரா தூசியும் சுணையும் அடைச்சிருக்கும், ஃபேன் கத்தும், சுத்தம் பண்ணாமயே ஓட்டினா பேட்டரி சூடேறி ஆயுசு கொறையும். கடைசியா கம்பெனி சர்வீஸ்ல விட்டு ஸ்கேனர் போட்டு பேட்டரி ரிப்போர்ட் வாங்குங்க, செலவப் பாக்காதீங்க. தெரிஞ்ச மெக்கானிக்க விட்டு பேட்டரிய மட்டும் தொறக்க விடாதீங்க, ஆரஞ்சு கலர் ஒயர்ல 170 வோல்ட்டுக்கு மேல ஓடுது, அது ஆள அடிச்சுரும்.

தண்ணி பூந்த ஹைபிரிட்ட இனாமா குடுத்தாலும் வேணாங்கறதுதான் என் கட்சி. முன்னாடி மட்டும் இடிச்ச வண்டி, இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த போட்டோ இருக்கு, பேட்டரி ரிப்போர்ட் சுத்தம்னா பேசலாம், அப்பவும் நல்ல வண்டி விலைலேந்து புது பேட்டரி விலைய கழிச்சு, அதுக்கும் கீழ வந்தா மட்டும் பேசுங்க.

பேப்பர் விஷயத்துல அவசரப்படாதீங்க. உருப்படாமப் போன வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி ஆர்சிய ரத்து பண்ணணும், அப்படி ரத்தான ஆர்சிய வச்சு திருட்டு வண்டில சேசிஸ் நம்பர் அடிச்சு விக்கற கூட்டமும் இருக்கு, அதனால சேசிஸ் நம்பர நீங்களே குனிஞ்சு பாத்து பரிவாஹன்ங்கற அரசாங்க வெப்சைட்ல தட்டிப் பாருங்க. காரைக்கால் பிஒய் 02 வண்டி மலிவா தெரியும், ஆனா என்ஓசி, அதாவது அந்த ஊர் ஆர்டிஓகிட்ட ஆட்சேபனை இல்லைங்கற சான்று, வாங்கி இந்தப் பக்கம் மாத்தும்போது தமிழ்நாட்டு வரிய வண்டி வயசுக்கு தக்கன கட்டணும், அதையும் சேத்துதான் விலை. அஞ்சு வருஷ வண்டிக்கு என்சிபி, அதாவது கிளெய்ம் எடுக்காம இருந்தா கெடைக்கற பிரீமியம் தள்ளுபடி, சைபர்னு இருந்தா சமீபத்துல ஒரு கிளெய்ம் எடுத்திருக்கலாம், என்னத்துக்குன்னு கேளுங்க. டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே வண்டி நம்பர குடுத்து ஃபுல் இன்சூரன்சுக்கு கொட்டேஷன் கேளுங்க, தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுவோம்னு சொன்னாங்கன்னா அந்த வண்டிய விட்டுருங்க. போடறேன்னு சொன்னா இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்தா காசு தர்ற இஞ்சின் புரொடெக்ட், பேட்டரிக்கு தனி ஆட்-ஆன் இருந்தா அதுவும் சேத்து கேளுங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடியே.