மண்மதிலை ஆராய்வது எப்படி?

இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள மெய்டன் காசில், ஏறத்தாழ 19 ஹெக்டேர் பரப்பை அடுக்கடுக்கான மண்மதில்களும் அகழிகளும் சூழ்ந்து நிற்கும் இரும்புக்காலக் குன்றுக்கோட்டை. இத்தகைய இடத்தை ஆராயப் புகுபவர் முதலில் உணர வேண்டியது, ஒருமுறை அகழ்ந்த மண்ணை மறுமுறை அகழ முடியாது என்பதே. ஆகவே வான்படங்களையும், லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் அளவீட்டையும் கொண்டு மேற்பரப்பை வரைபடமாக்குங்கள். பிறகு மண்ணின் காந்த வேறுபாடுகளைக் காட்டும் காந்தமானியால் கோட்டையின் உட்புறத்தை அளந்துவிடுங்கள். சுண்ணப்பாறையில் வெட்டப்பட்டுப் பின்னர் மண் நிறைந்த தானியக் குழிகளும், நெருப்பு எரிந்த அடுப்பிடங்களும் அதில் புலப்படும். எங்கே அகழ்வது என்பதை அந்த வரைபடமே சொல்லட்டும்.

அடுத்து, மதிலையும் அகழியையும் ஒருசேரக் குறுக்காக வெட்டும் ஒரு குழியை இடுங்கள். அதன் வெட்டுமுகத்தில் மதிலுக்கு அடியில் கருமையாக ஓடும் பழைய புல்தரை அடுக்கைத் தேடுங்கள். மதில் அதன்மேல் எழுந்தமையால், அதனுள் அகப்படுபவை யாவும் மதிலுக்கு முற்பட்டவை. இந்த ஓர் அடுக்கு, மதிலின் உயரத்தைவிட அதிகம் பேசும் என்பது என் கருத்து. மதில் ஒரே முறையில் கட்டப்பட்டதென்று முன்கூட்டியே எண்ணிவிடாதீர்கள். உயர்த்திய, அகலப்படுத்திய தடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிடுங்கள். அகழியை அக்கால மக்களே அவ்வப்போது தூர்வாரியிருப்பார்கள் என்பதால், அதன் அடி மண் பெரும்பாலும் கடைசித் தூர்வாரலுக்குப் பிந்தையதையே காட்டும்.

காலத்தைக் கணிக்க, முதிர்ந்த மரத்தின் கரித்துண்டை நம்பாதீர்கள். அதன் உட்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டதாக இருக்கலாம். கருகிய தானியமும், மூட்டு கலையாமல் கிடக்கும் விலங்கெலும்பும் நம்பத்தக்கவை. கிமு 800 முதல் 400 வரையிலான காலத்தில் உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதறியும் கரிமக் கணிப்பின் அளவுகோல் தட்டையாகிவிடுவதால், ஒற்றை மாதிரி சில நூற்றாண்டுகள் நீளும் விடையையே தரும். எனவே ஒரே வெட்டுமுகத்தில் கீழிருந்து மேலாகப் பல மாதிரிகளை எடுத்து, அடுக்குகளின் வரிசையையும் புள்ளியியல் கணக்கில் சேர்த்துக் காலத்தைக் குறுக்குங்கள்.

பின்னாளில் 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், 1934 முதல் 1937 வரை மெய்டன் காசிலில் பணியாற்றினார். கிழக்கு வாயிலருகே கிடைத்த எலும்புக்கூடுகளை, கிபி 43ஆம் ஆண்டு ரோமானியப் படையெடுப்பில் மடிந்தோருடையவை என அவர் விளக்கினார். 2025இல் வெளியான கரிமக் கணிப்போ, அவர்கள் கிமு முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் கிபி முதல் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையே, பல பத்தாண்டுகளில் வெவ்வேறு சமயங்களில் இறந்தவர்கள் என்று காட்டியது. அடுக்குகளைக் கவனமாகப் பதிந்த அறிஞரையே, முன்பே அறிந்திருந்த வரலாறு வழிமாற்றிவிட்டது. இந்தத் திருத்தம் நிகழ முடிந்ததற்குக் காரணம் அந்த எலும்புகள் பாதுகாக்கப்பட்டிருந்ததே. ஆதலால் ஒவ்வொரு எலும்பையும் ஒவ்வொரு மண் மாதிரியையும் அடுக்கு எண், இடம், ஆழம் ஆகியவற்றுடன் அன்றைய தினமே எழுதிப் பையிலிட்டு, கோட்டையில் அகழாத பெரும்பகுதியை அப்படியே மூடியிருக்க விடுங்கள்.