ட்ரோனில் மருந்து அடிக்கும்முன் கம்பத்தைத் தேடுங்கள்

குமரி மாவட்டத்தில் தோவாளை, பூதப்பாண்டி பக்கம் கன்னிப்பூ (முதல் போக நெல்) வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பது என் தொழில். புதிதாக வரும் பையன்களிடம் முதலில் சொல்வது: கரண்ட் கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு. பின்னால் தென்னந்தோப்பு இருந்தால் கம்பி கண்ணில் படவே படாது.

அதனால் வரப்பில் ஒரு சுற்று நடங்கள். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குச் செங்குத்தாக லைன் ஓடும். மோட்டார் ரூமுக்குப் பிரியும் லைனையும், கம்பத்தை இழுத்துப் பிடிக்கச் சரிவாக இறங்கும் ஸ்டே கம்பியையும் மறந்துவிடாதீர்கள்.

பெரிய டவர் லைன் இன்னும் மோசம். தடித்த கம்பிகளுக்கு மேலே, உச்சியில் மெல்லிய எர்த் கம்பி போகும். கீழே உள்ளதைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கும்போது அதில் மாட்டும். ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கே டவருக்கு நேர் மேலே கடக்கத்தான் பயிற்சி. விமானமே கம்பியில் மோதியிருக்கிறது: 1998-ல் இத்தாலியின் கவலேசேயில் தாழப் பறந்த அமெரிக்கப் போர் விமானம் ரோப் கார் கம்பியை அறுத்ததில் 20 பேர் இறந்தார்கள்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று சும்மா விடாது. அது லைனை நோக்கி அடித்தால் அந்த ஓரத்தைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிடுங்கள். கூலி கொஞ்சம் கூடும், சரி.

ட்ரோன் லைனில் மாட்டிக்கொண்டதா? தோட்டி (கொக்கி வைத்த கம்பு) போட்டு இழுக்காதீர்கள். யாரையும் கிட்டே விடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள்.