பிரிவு 42 குற்றச்சாட்டு: சமன் (அபராதச் சீட்டு) என்று நினைத்துக் கோட்டை விடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வேக வழக்கு என்றாலே, "சமன்தானே, அபராதத்தில் கழிவு விடும்போது கட்டிக்கலாம்" என்ற பேச்சுதான் முதலில் எழும். பலரைக் கவிழ்ப்பது இந்த நினைப்புதான். கையில் வந்த தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஆவது பிரிவு என்றால் வேக வரம்பு மீறல். வழக்கமாகச் சமன் தொகையோடு தீரும். 42(1) என்றால் அபாயகரமாக ஓட்டிய குற்றம். இதை முகப்பில் கட்டித் தீர்க்க முடியாது, மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். குற்றம் உறுதியானால் 5 ஆண்டு வரை சிறை, கூடவே 5,000 முதல் 15,000 ரிங்கிட் அபராதம், குறைந்தது 5 ஆண்டுக்கு லைசென்ஸ் பறிபோகும். செம்பனை லோரி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்தக் கடைசித் தண்டனைதான் குடும்பத்தையே உலுக்கும்.

ஆகவே, "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று முதல் நாளே தலையாட்டுவது மிகப் பெரிய தவறு. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பையே மாற்றக் கேட்க முடியாது. அந்த மேல்முறையீட்டுக்கும் 14 நாள்தான் அவகாசம். மலாய் பேச வரும் என்பதற்காகக் குற்றப்பத்திரிகையின் மலாய் புரிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

42ஆவது பிரிவு வேகமானியின் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. சாலையின் தன்மை, நிலை, அகலம், அந்நேரம் இருந்த அல்லது இருக்கக்கூடிய போக்குவரத்து, எல்லாவற்றையும் சேர்த்து, ஓட்டிய விதம் பொதுமக்களுக்கு ஆபத்தா என்று கேட்கிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். 90 வரம்புள்ள கூட்டரசுச் சாலையில் 85இல் போனாலும், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கூட்டத்தை ஒட்டிப் போயிருந்தால் சிக்கல். வெறிச்சோடிய நேரான சாலையில் வேகம் மட்டும் கூடியிருந்தால், அது அபாயகரமான ஓட்டம்தானா என்று வாதாட இடமுண்டு.

அப்படி வாதாடச் சாட்சியம் வேண்டும். அதைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. டேஷ்கேம் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும்; அன்றே மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். சம்பவம் நடந்த அதே நேரத்தில் இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள்: தோட்டத்து மண்சாலை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் லோரி டயர் இழுத்துவந்த செம்மண், சிதறிய செம்பனை உதிரிப் பழம், லாலாங் புல் மறைத்த வேகப் பலகை. ஒரு மழை பெய்தால் செம்மண் தடம் கரைந்துவிடும், புல்லையும் வெட்டிவிடுவார்கள்.

போலீசிடம் வாய்க்கு வந்த வேகத்தைச் சொல்லாதீர்கள். "ஒரு 120 இருக்கும் சார்" என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாக்குமூலம் எடுக்கும்போது, தன்மீதே குற்றம் சுமத்தக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் திருத்திய பிறகே கையொப்பமிடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. விசாரணை தொடங்கும் முன், துணை அரசு வழக்கறிஞருக்கு வழக்கறிஞர் மூலம் 'ரெப்ரெசென்தாசி' எனும் முறையீட்டுக் கடிதம் கொடுத்து, குற்றச்சாட்டை 43ஆவது பிரிவுக்குக் குறைக்கக் கேட்கலாம். கவனக்குறைவாக ஓட்டியதற்கான அந்தப் பிரிவில் அபராதம் 4,000 முதல் 10,000 ரிங்கிட், சிறை 12 மாதம் வரை. இதுவும் லேசானதல்ல, ஆனால் 42ஐ விட எவ்வளவோ மேல். முந்தைய சமன் பதிவு, முதலாளியின் கடிதம், எடுத்த படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் முடிவு.

"நான் செட்டில் பண்றேன்" என்று காசு கேட்டு வருபவரை அண்டவே விடாதீர்கள். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். அதற்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் நீதிமன்றத்திலேயே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேட்டுப் பாருங்கள். தவணை நாளில் வேலை இருக்கிறது என்று போகாமல் இருந்துவிட்டால் கைது வாரண்டு வரும். ஜாமீனுக்கு நின்ற மாமாவோ அண்ணனோ கட்டிய பணத்துக்கும் ஆபத்து.