உடல் அசைவைச் சொல்வதும் அளப்பதும்: எங்கிருந்து தொடங்குவது

ஒருவர் குந்தி எழுவதைப் பார்த்துவிட்டு “முட்டி ரொம்ப மடங்குது, இடுப்பு சரியா வரலை” என்று சொன்னால், அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எவ்வளவு மடங்குகிறது? எந்தத் திசையில்? எந்த நிலையைப் பூஜ்யமாக வைத்து எண்ணினீர்கள்? உடல் அசைவையும் அதன் பின்னுள்ள விசையையும் ஆராயும் பயோமெக்கானிக்ஸ் படிக்கத் தொடங்குபவர்கள் பலர் நேராகக் கருவிக்கும் மென்பொருளுக்கும் ஓடிவிடுகிறார்கள். ஆனால் எதிலிருந்து அளந்தோம் என்று தெரியாத எண், எத்தனை தசமப் புள்ளிகளோடு வந்தாலும், பயன்படாது. அதனால் முதலில் சொல்லப் பழகுவோம், அப்புறம் அளக்கலாம்.

உடற்கூறு நிலை என்று ஒன்று உண்டு. நேராக நிற்க வேண்டும், பாதங்கள் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் பார்த்தபடி. உள்ளங்கை ஏன் முன்னால் என்றால், அப்போதுதான் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாமல் இணையாக இருக்கும். பெரும்பாலான மூட்டுகளுக்கு இந்த நிலைதான் பூஜ்யம்.

இதிலிருந்து மூன்று தளங்கள். உடலை இடம் வலமாகப் பிரிப்பது சாஜிட்டல் தளம். இதில் நடக்கும் அசைவைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மடக்குதல், நீட்டுதல் எல்லாம் இங்கே. முன் பின்னாகப் பிரிப்பது ஃப்ரண்டல் தளம். கையைப் பக்கவாட்டில் விலக்கித் தூக்குவது, திரும்பச் சேர்ப்பது போன்றவை முன்னாலோ பின்னாலோ நின்றால்தான் சரியாகத் தெரியும். மேல் கீழாகப் பிரிப்பது குறுக்குத் தளம், அதில் நடப்பது சுழற்சி, அதைப் பார்க்க மேலிருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தளத்து அசைவும் அந்தத் தளத்துக்குச் செங்குத்தான ஓர் அச்சைச் சுற்றி நடக்கிறது. கதவும் கீலும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், கதவு போகும் பரப்பு தளம், கீலின் கம்பி அச்சு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கொஞ்சம் நிற்போம். மூட்டுக்கோணம் என்பது இரண்டு எலும்புகளுக்கு இடையிலான உறவு. எது நகர்ந்தது, எது நின்றது என்பது முக்கியமே இல்லை. உட்கார்ந்துகொண்டு பாதத்தின் மேற்புறத்தை முழங்காலை நோக்கி இழுத்தால் அது கணுக்காலில் டார்சிஃப்ளெக்‌ஷன். குந்தும்போது பாதம் தரையில் அசையாமல் இருக்கிறது, கெண்டைக்கால் முன்னால் சாய்கிறது. அதுவும் அதே டார்சிஃப்ளெக்‌ஷன்தான். குந்துவதை இப்போது சொல்லிப் பாருங்கள்: இடுப்பு மூட்டு மடங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, கணுக்கால் டார்சிஃப்ளெக்‌ஷனில் போகிறது, மூன்றும் சாஜிட்டல் தளத்தில். “முட்டி உள்ளே விழுகிறது” என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் முழங்காலின் அசைவு மட்டும் கிடையாது. தொடையெலும்பு இடுப்பில் உள்பக்கமாகச் சேர்ந்து, கூடவே உள்ளே சுழன்று, இரண்டும் கலந்து முன்னாலிருந்து பார்க்கும்போது அப்படித் தெரிகிறது.

சரி, அளப்போம். எளிய கருவி கோனியோமீட்டர், இரண்டு கைகள் உள்ள கோணமானி. முழங்காலை அளக்க அதன் மையத்தை முட்டியின் வெளிப்பக்க எலும்புப் புடைப்பில் வையுங்கள். ஒரு கை தொடையின் வெளிப்புறம் மேலே, இடுப்புக்குப் பக்கத்தில் துருத்தும் எலும்பை நோக்கி. இன்னொரு கை வெளிக்கணுக்காலை நோக்கி. எலும்பை விரலால் தொட்டு உறுதி செய்யாமல் கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், கருவியை வைக்கும் விதத்திலேயே அவ்வளவு மாறிவிடும்.

நகரும் உடலுக்கு வீடியோதான் வசதி, கைபேசியே போதும். கேமரா நீங்கள் பார்க்க விரும்பும் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஸ்டாண்டில் அசையாமல், அளக்கும் மூட்டின் உயரத்தில், முடிந்தவரை தள்ளி. கிட்டே வைத்தால் படத்தின் ஓரங்களில் கோணமும் நீளமும் பிசகும். ஆள் கொஞ்சம் திரும்பி நின்றாலே கோணம் பொய் சொல்லத் தொடங்கிவிடும், இதை எந்த மென்பொருளாலும் பிறகு சரிசெய்ய முடியாது. நீளம் அளக்க வேண்டுமானால் 1 மீட்டர் குச்சி ஒன்றை ஆள் அசையும் அதே தூரத்தில் வைத்துப் படம்பிடியுங்கள், பின்னால் சுவரில் சாய்த்து வைத்தால் அளவு தப்பும். மூட்டுகளில் ஒட்டும் அடையாளங்கள் தோலோடு நகரும், எலும்போடு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். தொடையில் இந்தப் பிழை அதிகம்.

கினோவியா போன்ற இலவச மென்பொருளில் கோணம் வரைந்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் உள்ள கோணம் கிடைக்கும், நேராக நீட்டிய முழங்காலுக்கு 180. கோனியோமீட்டர் வழக்கிலோ நேரான முழங்கால் பூஜ்யம். திரையில் 120 என்றால் மடக்கம் 60 டிகிரி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து எழுதினால் அதன் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

வேகத்துக்கு வருவோம். தூரம் என்பது கடந்த பாதை முழுவதும், இடப்பெயர்ச்சி என்பது தொடக்கத்திலிருந்து முடிவு வரை திசையோடு நேர்க்கோட்டில். 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்று ஓடி அதே இடத்துக்கு வந்தால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். நடையில் ஒரு காலின் குதிகால் பட்டதிலிருந்து மறு காலின் குதிகால் படும் வரை ஓர் எட்டு; அதே காலின் குதிகால் மறுபடி படும் வரை ஒரு முழுச் சுழற்சி. இயல்பான நடையில் அந்தச் சுழற்சியில் ஏறக்குறைய 60 சதவீதம் பாதம் தரையில், 40 சதவீதம் காற்றில். எட்டின் நீளம் 0.7 மீட்டர், நிமிடத்துக்கு 110 எட்டு என்றால் நிமிடத்துக்கு 77 மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 1.28 மீட்டர். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் மாறும் என்பதால் முதல் சில எட்டுகளையும் கடைசி சில எட்டுகளையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் அளக்க வேண்டும்.

ஃப்ரேம் வேகம், அதாவது கேமரா நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்பது, எவ்வளவு முக்கியம் என்று குதிப்பதை வைத்துப் பார்த்தால் புரியும். கால் தரையை விட்ட ஃப்ரேமையும் மறுபடி தொட்ட ஃப்ரேமையும் குறித்துக்கொண்டால் காற்றில் இருந்த நேரம் கிடைக்கும். உயரம் = 9.81 × நேரத்தின் வர்க்கம் ÷ 8. அரை நொடி என்றால் சுமார் 31 செ.மீ. நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் ஒரே ஒரு ஃப்ரேம் கூடிவிட்டால் அது 35 ஆகிவிடும். 240 ஃப்ரேமில் பிழை அரை செ.மீ. அளவுதான். முழங்காலை மடக்கியபடி இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் நீண்டு உயரம் கூடுதலாகக் காட்டும், ஆகவே கிளம்பும்போது இருந்த மாதிரியே காலை நீட்டி இறங்கச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது அசைவின் வடிவம். அதற்குக் காரணமான விசையை வீடியோ மட்டும் காட்டாது, ஆனால் திருப்புத்திறன், அதாவது ஒரு விசை மூட்டைச் சுழற்றப் பார்க்கும் அளவு, தெரிந்தால் நிறைய ஊகிக்கலாம்: விசை × அச்சிலிருந்து விசைக்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம். முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி 5 கிலோவைப் பிடித்தால் எடை சுமார் 49 நியூட்டன், திருப்புத்திறன் சுமார் 17 நியூட்டன் மீட்டர். மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் மூட்டிலிருந்து 4 செ.மீ. தூரத்தில் இழுப்பதாக வைத்துக்கொண்டால், முன்கையின் எடையைச் சேர்க்காமலே அது 430 நியூட்டன் வரை இழுக்க வேண்டும். அது 44 கிலோவின் எடை! 5 கிலோவுக்கு இவ்வளவா என்றால், ஆமாம், நம் தசைகள் பெரும்பாலும் இப்படிக் குட்டையான நெம்புகோலில்தான் வேலை செய்கின்றன. குந்தும்போது உடம்பை முன்னால் சாய்த்தால் சுமை இடுப்பு மூட்டுக்கு நகர்வதும், முழங்காலை முன்னால் தள்ளினால் முழங்காலுக்கு வருவதும் இதே கணக்குதான்.

தரை நம்மைத் தள்ளும் எதிர்விசையைக் கண்ணால் பார்க்க முள் உள்ள எடைக்கருவியில் ஏறி நின்று சட்டென்று குந்துங்கள். முள் முதலில் இறங்கும், கீழே போய் நிற்கும்போது உங்கள் எடையைத் தாண்டி ஏறும். நிறை மாறவில்லை, முடுக்கம் மாறியது. ஓடும்போது இந்த விசை உச்சத்தில் உடல் எடையின் 2 முதல் 3 மடங்கு வரை போகும்.

கடைசியாக, எதை அளந்தாலும் ஒரே முறை அளந்து முடிவெடுக்காதீர்கள். மூன்று முறையாவது செய்யச் சொல்லுங்கள், காலணி, கேமரா தூரம், எண்ணும் முறை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அப்புறம் அதே வீடியோவைச் சில நாள் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல், மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசம் உங்கள் அளவீட்டின் பிழை. பயிற்சிக்குப் பிறகு வரும் மாற்றம் அதைவிடச் சிறியதாக இருந்தால் அதை முன்னேற்றம் என்று எழுத வேண்டாம்.