உயில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை: வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்கு

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சொத்து சம பங்காகச் சேரும். காட்பாடியில் கடன் வாங்கிக் கட்டிய வீடு மனைவிக்குத்தான் என்று நம்பியபடியே ஒருவர் கண்மூடினால், தாயும் இரு பிள்ளைகளும் இருக்கும் நிலையில் அந்த மனைவிக்குக் கிடைப்பது கால் பங்கு மட்டுமே. வீட்டை விற்க நால்வரும் சம்மதிக்க வேண்டும், பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்குக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பது பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமே தவிர, அது உரிமை ஆகாது.

முதலில் சொத்துகளைப் பட்டியலிட்டு, சுயசம்பாத்தியம் எது, பூர்வீகம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். இஸ்லாமியர்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் செல்லும் என்பதால், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் தங்கள் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பகுதியில் மிகுந்த கவனம் வேண்டியது சொத்து விவரத்தில்தான். ஆற்காட்டுப் பக்கம் தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதால், இன்றைய பட்டாவில் ‘இராணிப்பேட்டை மாவட்டம்’ என்றிருக்கும். சர்வே எண்ணும் உட்பிரிவாகி மாறியிருக்கலாம். ஆகவே பத்திர எண், ஆண்டு, பழைய சர்வே எண், இப்போதைய உட்பிரிவு எண், கிராமம், வட்டம், பரப்பு, நான்கு எல்லை ஆகிய அனைத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். ‘ஏரிக்கரை நிலம் மூத்தவனுக்கு’ என்று மட்டும் எழுதினால், அது எந்த நிலம் என்பதிலேயே வழக்கு தொடங்கிவிடும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். நீங்கள் கையெழுத்திட, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பிற்காலத்தில் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேரலாம். ஆகையால் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதிய வயதில் எழுதுவோர் சுயநினைவோடு இருந்ததற்கு மருத்துவர் சான்று பெற்று வைப்பது, பிள்ளைகளுக்குள் சந்தேகம் எழாமல் காக்கும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுமாறே நான் சொல்வேன். மூலம் தொலைந்தாலும் அங்கு நகல் கிடைக்கும்.

எழுதிய உயிலை உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதிதாக எழுதும்போது, முந்தைய உயிலை ரத்து செய்வதாக அதன் தேதியோடு குறிப்பிடுங்கள். பட்டியலில் விடுபட்டவையும் இனி வாங்கப்போகும் சொத்துகளும் யாருக்கு என்று ஒரு வரி சேர்த்து, உயில் இருக்கும் இடத்தை அதை நிறைவேற்றப் போகிறவரிடம் சொல்லி வையுங்கள்.